கிறிசெல் அன்ரியின் பெயர்

1992 மாசியில் வோபர்னில் கிறிசெல் அன்ரியின் இதயம் நின்றுவிட்டது. அன்று பின்னேரமும் அவர் வழக்கம்போலத் தேநீர் குடித்தார், வாசலில் பனி தள்ளினார். நாடி பார்த்த டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் மூத்த மகளுக்குத் தாயின் தாயுடைய பெயரை வைப்பார்கள்; பெயரைக் கைமாற்றாத கிழவிக்குச் சாவு வராது. ஒஷாவாவில் இருந்த மகளோ, பழங்காலப் பெயர், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று தன் பிள்ளைக்கு ரெலிவிஷன் நடிகை ஒருத்தியின் பெயரை வைத்துவிட்டாள். அன்ரிக்கு நித்திரையும் இல்லை, பசியும் இல்லை. பாவம், களைத்துப்போயிருந்தார்.

அவருடைய பேஸ்மென்ரில் மன்னாரிலிருந்து வந்த பேனாட்டும் செலீனும் குடியிருந்தார்கள். செலீன் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அன்ரி படியிறங்கி வந்து, பெண் பிறந்தால் என் பெயரை வைப்பாயா, பச்சைக் குழந்தைக்கு அது ஒரு பாரமும் இல்லை என்று கேட்டார். செலீன், "ஓம் அன்ரி" என்றாள். அன்ரி அன்றே வெள்ளைச் சால்வை பின்னத் தொடங்கினார். ஆனால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பேனாட், ஒருவருக்கும் தெரியாமல் எண்சாத்திரக்காரரிடம் போய்வந்தான். "உந்தப் பேருக்கு எட்டு வருதாம். பிள்ளைக்குக் கூடாது" என்றான். ஞானஸ்நானத்தன்று முன்வாங்கில் அன்ரி தொப்பியோடு உட்கார்ந்திருக்க, சுவாமியார் பெயரைக் கேட்டார். செலீன் குனிந்தபடி "ஷாமிலா" என்றாள். நல்ல பெயர் என்றார் அன்ரி. சால்வையைப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பனி தள்ளினார். ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது செலீனுக்கு மனம் ஆறியிருக்கும்.

ஷாமிலா பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். தலைக்கு மேலே அன்ரி ஓயாமல் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் செலீனும் நித்திரை இழந்தாள். 1998இல் ஒரு மத்தியானம் மேலே ஏறிப்போய், "உங்கடை பேரை எனக்குத் தாங்கோ" என்றாள். வளர்ந்தவர்கள் எடுத்தால் பழைய பெயர் தங்காது என்று அன்ரி எச்சரித்தார். "பிள்ளைக்கு வைச்சிருந்தால் ஒருத்தரும் ஒண்டும் இழந்திருக்கமாட்டம். பிழை என்னிலைதான்" என்றாள் செலீன். அன்ரி குசினித் தண்ணீரை அவள் நெற்றியில் தடவிப் பெயரைச் சொன்னார். சொல்லி முடித்ததும் கதிரையில் சாய்ந்து இறந்துபோனார்.

ஒஷாவா மகள் வந்து அடக்கம் செய்தாள். பேனாட் ஒரு கிழமை தடுமாறிவிட்டு, அவனும் மனைவியைக் கிறிசெல் என்றே கூப்பிட்டான். கோடையில் கொழும்பிலிருந்து அவளுடைய தாய் போன் எடுத்தார்.

"செலீனோ கதைக்கிறது?"

"செலீன் இல்லை அம்மா."

தாய் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு இப்போது என்ன பெயர் என்று கேட்டு, நாக்குக்குப் பழகும்வரை சொல்லிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியோ கிறிசெல்?" என்றார்.