ஆயில் லைட்

அழகுராஜாவின் மினி டிராக்டர் எழுமலையிலிருந்து குட்டி லாரியில் வந்து என் ஷெட்டில் இறங்கியது. திருமங்கலம் வரும்வரை டிராக்டரின் டிரைவர் சோணை லாரிக்கு மேலேயே, டிராக்டர் சீட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்திருக்கிறான். கயிறு போட்டுக் கட்டிய வண்டிக்கு ஸ்டியரிங் எதற்கு? கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மூன்று வருஷமாக அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஊரில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு; 'டிரைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதுவரை மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்த ஒரு சொல்லில் அவ்வளவு பெருமை.

எஞ்சினின் முன் புல்லியில் ராடைக் கொடுத்துத் திருப்பினேன். முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். இம்மியும் நகரவில்லை. குனிந்து பார்த்தால் ஆயில் பில்டர் கிழிந்து கிடந்தது. தென்னந்தோப்பில் உழும்போது காய்ந்த மட்டையின் அடிக்கட்டை குத்தியிருக்கிறது. ஆயில் முழுவதும் கொட்டிவிட்டது; கொட்டியதைப் பின்னால் வந்த ரோட்டவேட்டர் மண்ணோடு மண்ணாகக் கிளறிவிட்டது. ஆயில் இல்லாத எஞ்சின் எத்தனை நேரம் ஓடும்? பேரிங் உருகி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி, செத்தே போனது.

"ஆயில் இல்லேன்னா மீட்டர்ல செவப்பு லைட்டு எரியணும்லண்ணே?" என்றான் அழகுராஜா.

"எரியணும் தம்பி."

"பெறகு இவன் எங்க பாத்துக்கிட்டு ஓட்டுனான்? போன்ல பேசிக்கிட்டே ஓட்டியிருப்பான்."

"எரியல மொதலாளி. எம்புள்ள மேல சத்தியமா எரியல. எரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டேனா?" சோணைக்கு உதடு காய்ந்து போயிருந்தது.

அழகுராஜா அநியாயக்காரன் இல்லை. அதுதான் இதில் கொடுமை. "லைட்டு ரிப்பேர்னா இவன் மேல குத்தமில்ல. நல்லாயிருந்தா இனி இவன் சீட்டுல ஏறக் கூடாது. பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சோணையையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான்.

சாவியைத் திருப்பினேன். பேட்டரி லைட் எரிந்தது. பக்கத்தில் எரிய வேண்டிய ஆயில் லைட் எரியவில்லை. பல்ப் போய்விட்டது, சோணை தப்பித்தான் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் சந்தனம், அதற்குமேல் குங்குமம். கெட்டியாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆயுத பூசை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் வேதக்காரன், பேரே லாசர். ஆனால் ஷெட் வைத்திருப்பவன் ஆயுத பூசை கும்பிடாமல் முடியுமா? வாடிக்கை வண்டிகளெல்லாம் வந்து நிற்கும், இந்த டிராக்டரும் வந்திருந்தது; பொட்டு வைப்பது நான்தான். வேதக்காரன், அதான் சந்தனத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று ஒருத்தன் வாயில் வந்துவிடக் கூடாதே என்று, அள்ளி அள்ளி அப்புவேன். பானெட், ஸ்டியரிங், ஹெட்லைட், மீட்டர் என்று ஒன்றையும் விடுவதில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் மாட்டார்கள், அதுவாக உதிர வேண்டும். சோணை வண்டியைக் கழுவும்போதுகூட அதில் கை படாமல் கழுவியிருக்கிறான்.

நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியிலிருந்து சிவப்பாக வெளிச்சம் வந்தது.

கை தானாகத் துணியை டீசலில் நனைத்தது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் நனைத்தேன். எஞ்சின் செலவு என் தலையில் விழும் என்ற பயம்கூட அப்புறம்தான். முப்பது வருஷமாக இந்தப் பக்கத்தில் லாசர் தொட்ட வண்டி தப்பாகாது என்று ஒரு பேர். மீட்டர் முழுவதையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன். ரிப்பேர் வண்டியைத் துடைப்பது வழக்கம்தானே, யாரும் அதைக் கேட்கப் போவதில்லை.

அவர்கள் வந்ததும் சாவியைத் திருப்பிக் காட்டினேன்.

"லைட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அழகுராஜா சோணையைத் திட்டக்கூட இல்லை, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சோணை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து வந்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை. "எங்கையால கெட்டது, எங்கையாலயே கூட மாட சேத்துவிட்டுப் போறேண்ணே" என்றான். எஞ்சினை இறக்கிப் பிரித்தோம். சூட்டில் கிராங்க் நீலம் பாய்ந்து கிடந்தது. பிஸ்டன்களை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் சோணை முகத்தைச் சுளித்தான். கிராங்கைக் கடைசலுக்கும் சிலிண்டரைப் போரிங்குக்கும் மதுரைக்கு அனுப்பினேன். அவை திரும்பி வரும்வரை சோணை நட்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தான். மத்தியானம் நான் வாங்கிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். பாதிக்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள், புது பேரிங்கைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"எங்கண்ணுலதாண்ணே கோளாறு."

"வெயிலு சோணை. வெயில்ல தெரிஞ்சிருக்காது."

"அம்புட்டுச் செவப்பா எரியுது, எப்படித் தெரியாமப் போகும்? எங்கப்பனுக்கும் இப்படித்தான், கொஞ்சங் கொஞ்சமாத் தெரியாமப் போச்சு. போன வாரம் எழுமலையில இன்னொருத்தரு ஓட்டக் கூப்பிட்டாரு. கண்ணு தெரியலண்ணே, வேற ஆளப் பாருங்கன்னு நானே சொல்லிட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. நான் ஸ்பேனரைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் எஞ்சின் கிளம்பியது. கொஞ்சம் கறுப்புப் புகை தள்ளி, பிறகு சீராக ஓடியது. அழகுராஜா அனுப்பிய புது டிரைவர் சீட்டில் ஏறி, சோணை உயரத்துக்கு வைத்திருந்ததைத் தன் காலுக்குத் தகுந்த மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டான். வண்டி திரும்பி மறையும்வரை சோணை பார்த்தான். பஸ்ஸுக்குப் போவான் என்று நினைத்தேன். போகவில்லை.

"எத்தன வெரலுன்னு காட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டான்.

மூன்று காட்டினேன். "மூணு!"

வலது கண்ணைப் பொத்தினான். இரண்டு காட்டினேன். "ரெண்டு!"

இன்னும் தள்ளிப் போனான். கருவேல மரத்தைத் தாண்டி, காலி மனையின் கடைசிக்குப் போய் நின்றான். அங்கிருந்து எனக்கே அவன் முகம் தெரியவில்லை. ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லிவிடுடா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பஸ் ஒன்று எங்களுக்கு நடுவில் போய்ப் புழுதி கிளப்பியது. அது அடங்கியதும் கையைத் தூக்கி நான்கு விரல் காட்டினேன்.

"நாலு!" என்று கத்தினான். "ஏண்ணே கை நடுங்குது?"