ஞாயிறு இரவோடு அழிகிற சாப்பாடு

மில் கேன்டீனில் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். ஒரு டோக்கனுக்கு ஒரு சாப்பாடு. சாப்பிடாத நாளின் டோக்கன் வீணாவதில்லை. சட்டைப்பையில் கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் நீட்டலாம். பாய்லரில் வேலை பார்த்த காலமெல்லாம் அப்பா பாதி நாள் டீயைக் குடித்து வயிற்றைக் கட்டிவிட்டு டோக்கன் சேர்ப்பார். ஆண்டு விடுமுறைக்கு முந்தைய நாள், கை நிறைய டோக்கனைக் குலுக்கிக்கொண்டு பிள்ளைகள் இரண்டு பேரையும் கேன்டீனுக்குக் கூட்டிப்போவார்.

"வெக்கப்படாம கேளுங்க. இன்னைக்கு அப்பாதான் முதலாளி."

அம்மா இல்லாத அந்த வீட்டில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது.

மூத்தவள் வளர்ந்து ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடப் போனாள். இளையவன் கல்லூரிக்குப் போனான். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான்.

சேர்ந்த வாரமே போன் செய்தான்.

"அக்கா, இங்க சாப்பாட்டுக்கு பிளான்னு ஒண்ணு வச்சிருக்காங்க. வாரத்துக்கு இத்தனை சாப்பாடுன்னு கார்டுல ஏத்திடுவாங்க. வாசல்ல மெஷின்ல காட்டுனா டிக்குன்னு ஒரு சத்தம், பச்சை லைட்டு. அப்புறம் உள்ள போய் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம்."

"நம்ம டோக்கன் மாதிரின்னு சொல்லு."

"அதேதான்க்கா. பித்தளைதான் இல்ல."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் சிரித்தாள். கல்லூரியில் பிளான் விவரம் அச்சடித்த தாளைக் கொடுத்திருந்தார்கள். தெரிந்த விஷயத்தை எவன் உட்கார்ந்து படிப்பான்? தம்பி அதை அலமாரியில் விரித்து அதன்மேல் துணிகளை அடுக்கினான்.

அப்பாவின் தொண்டையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது அடுத்த மாதம். டாக்டர் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உணவு இறங்கும் வழி அடைத்துக்கொண்டே வருகிறது என்றார். முதலில் கெட்டியானது இறங்காது, பிறகு கூழானது, கடைசியில் தண்ணீரும். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.

அன்று தம்பிக்குப் போன் செய்து அப்பாவின் நோயைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்பாவ இங்க கூட்டிட்டு வாக்கா. நான் சாப்பாடு சேக்குறேன். காலைல, மத்தியானம், ராத்திரின்னு ஒரு நாள் முழுக்க நாம மூணு பேரும் உக்காந்து சாப்பிடலாம்."

அப்பாவிடம் சொன்னதும் கிழவருக்கு முகமெல்லாம் பல். "துரை விருந்துக்குக் கூப்பிடுறாரு! என் நீலச் சட்டைய நல்லா தேச்சு வை. மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்."

அவள் தேய்த்து மாட்டி வைத்தாள். சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

"இப்ப வரட்டுமாடா?"

"இன்னும் கொஞ்சம் சேரட்டும்க்கா. பாதி விருந்துக்கா அவ்வளவு தூரம் வருவாரு?"

"நீ சாப்பிடுறியா?"

"சாப்பிட்டேன்க்கா."

அப்பாவுக்கு ரொட்டி இறங்காமல் போயிற்று. பிறகு குழைத்த சோறு. "சீக்கிரம்டா" என்றாள் அவள். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை என்றான் அவன்.

பஸ்ஸில் போகும்போது அப்பா ஒரு துண்டை வாயில் வைத்தபடியே வந்தார். எச்சிலை விழுங்கக்கூட சிரமம். நீலச் சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். கல்லூரி வாசலில் நின்ற தம்பியை அக்கா மேலும் கீழும் பார்த்தாள். அப்பாவுக்கு நோய், இவனுக்கு என்ன? கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டு இறுக்கியிருந்தான்.

"இளைச்சுட்டேன்னு ஆரம்பிச்சுடாதக்கா" என்று அவளை முந்திக்கொண்டான்.

உணவுக்கூடத்து வாசலில் மெஷினுக்குப் பக்கத்தில் தலைக்கு வலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தம்பி கார்டைக் காட்டினான். டிக். பச்சை. அப்பாவுக்காக மறுபடி காட்டினான். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினான். சிவப்பு.

"ஒரு வேளைக்கு ஒரு தடவைதாம்பா" என்றாள் அந்தப் பெண்.

"நெறைய மிச்சம் இருக்கு. ரெண்டு மாசமா சேத்து வச்சிருக்கேன்."

"சேக்கிறதா? இதுல எங்க சேக்கிறது? ஞாயித்துக்கிழமை ராத்திரி மிச்சமெல்லாம் அழிஞ்சுரும். திங்கக்கிழமை புதுசா ஏறும். தாள் குடுத்தாங்களே, படிக்கலியா?"

தம்பி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னால் வரிசை நின்றது. யாரோ "நகருப்பா" என்றார்கள்.

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "விருந்தாளிக்குன்னு தனியா ரெண்டு சாப்பாடு எல்லார் கார்டுலயும் இருக்கும். நீ அதைத் தொடவே இல்ல." அவளே ஏதோ அழுத்தினாள். டிக். டிக். "போங்கய்யா. மொத வாரமே கூட்டிட்டு வந்திருக்கலாமே, தம்பி."

மொத வாரம். அப்போது அப்பா கறியைக் கடித்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மில் கேன்டீன் மாதிரி நீள மேசைதான் இங்கேயும். தம்பி அப்பாவுக்குச் சூப்பும் அக்காவுக்கு ஒரு தட்டுச் சோறும் கொண்டுவந்தான். அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தார். தொண்டை ஏறி இறங்க முயன்றது. அவ்வளவுதான், இருமல் கிளம்பி எல்லாம் துண்டில் வந்தது. பக்கத்து மேசையில் பேச்சு நின்று, மறுபடி தொடங்கியது. அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பையன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடு."

"பசிக்கலப்பா."

"பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்டா. சாப்பிடு. நான் பாக்கணும்."

அவன் சாப்பிட்டான். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டான். அப்பா கண்ணெடுக்காமல் பார்த்தார். கிண்ணம் காலியானதும் "இன்னொன்னு வாங்கிட்டு வா, இன்னைக்கு நீதானே முதலாளி" என்றார். அக்காவால் தன் தட்டைத் தொட முடியவில்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பா கேட்டார். "பட்டினி கிடந்து சேக்கணும்னு உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"

பஸ் வரும்வரை அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் அந்த முதல் பருவம் முடியும் முன் அப்பா போய்விட்டார். நீலச் சட்டையைக் கடைசியாக ஒருமுறை தேய்த்து அவருக்குப் போட்டுவிட்டாள்.

தம்பி கல்லூரிக்குத் திரும்பினான். அக்கா இப்போதெல்லாம் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. சாயங்காலம் அவள் வேலை முடிகிற நேரத்துக்கு அவனே கூப்பிட்டு, போனை மெஷின் அருகில் பிடிப்பான். டிக்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சுடா."

ஆனால் கார்டு காட்டியதற்குத்தான் அந்தச் சத்தம். உள்ளே போய் அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிடாமல், தட்டுச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதில் வைத்தபடியே நிற்பாள்.