ஹனிய்யாவின் சான்றிதழ்

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹம்தானின் வீட்டிற்குச் சென்றேன். எகிப்தின் கினா நகருக்குத் தெற்கே, கரும்பாலையைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் அரசு நியமித்த நிக்காஹ் பதிவாளன் நான். அப்பணியில் இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

முற்றத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. சிவந்த ரோஜா சர்பத் நிரம்பிய குவளைகள் ஒரு பெரிய தட்டில் காத்திருந்தன. மணமகன் முக்தார் குவைத்தில் சாரம் கட்டும் தொழிலாளி, வயது இருபத்தேழு, விடுப்பில் எஞ்சியவை பத்து நாட்கள். அவனுடைய தாயார் தவ்லத், பெண்கள் அமர்ந்திருந்த உள்ளறையில் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் தந்தையான ஹம்தான், கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளால் அவளுடைய பிறப்புச் சான்றிதழை என்னிடம் நீட்டினான். ஹனிய்யா, ஹம்தானின் மகள். வயது பதினெட்டும் ஒரு மாதமும். அரசின் கழுகு முத்திரை தெளிவாக இருந்தது. அவளை வீட்டில் ஸப்ரீன் என்று அழைப்பதை நான் அறிவேன். எங்கள் ஊர்களில் தாளில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் வழங்குதல் இயல்பாகையால், நான் ஒன்றும் வினவவில்லை. பெயர்களைப் பதிவேட்டில் எழுதினேன்.

பின்னர், வழக்கப்படி, இரண்டு சாட்சிகளுடன் உள்ளறை வாசலில் போய் நின்றேன். அங்கே மணமகளிடம் சம்மதம் கேட்பேன். அவள் வாய் திறக்க மாட்டாள். கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்பது எங்கள் நெறி. யாராவது ஒருத்தி குரவையிடுவாள், நாங்கள் திரும்பிவிடுவோம்.

"ஹம்தான் மக ஹனிய்யா, முக்தாரைக் கட்டிக்க உனக்குச் சம்மதமாம்மா?"

"ஷேக்கு, அவ இங்க இல்ல," என்றாள் மணப்பெண். "கிழக்கு மையவாடில, மண்ணுக்குள்ள இருக்கா. அங்க போய்க் கேளுங்க."

குரவைக்காகக் குவிந்த உதடுகள் அப்படியே நின்றன.

"அடி ஆத்தே! பொண்ணுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு," என்றார் தவ்லத். "ஒரு குவளை சர்பத்தைக் குடுங்கடி."

"குடிச்சாச்சு மாமி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் ஹனிய்யா ஆகல." அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். "ஹனிய்யா எங்க அக்கா, ஷேக்கு. பதினோரு மாசத்துல செத்துட்டா. அவ தாளைத்தான் எனக்குக் குடுத்துட்டாங்க. எனக்குப் பதினாறுதான்."

நான் அறியாத வழக்கமன்று இது. ஒரு குழந்தை இறந்தால் அதன் பெயரை ஏட்டிலிருந்து நீக்க ஒரு நாள் கூலி போகும்; அடுத்த குழந்தையின் பெயரை எழுத இன்னொரு நாள் கூலி போகும். ஆகையால், மூத்ததன் சட்டையை இளையதற்கு அணிவிப்பது போலத் தாளையும் அணிவித்துவிடுவார்கள். பதினெட்டு நிறையாத பெண்ணின் திருமணத்தைப் பதிவு செய்யச் சட்டம் இடம் தராது. ஆயினும், தாள் பதினெட்டு என்று சொன்னபோதெல்லாம் நான் தாளையே நம்பியிருக்கிறேன். நம்புவது எளிதாக இருந்தது.

ஹம்தான் பாய்ந்து வந்தான். "ஷேக்கு, அரசாங்கம் கழுகு குத்திக் குடுத்த தாளு பொய் சொல்லுமா? இவ பொறந்த கதை இவளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க வாப்பா," என்று ஸப்ரீன் தன் தாயைப் பார்த்தாள்.

தாயார் ரதீபா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். ரதீபாவைக் கேட்பதற்கு முன்னர், இதனால் விளையக்கூடியதைப் பெண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளை நடைக்கு அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மகளே, நீ சொல்றது நிசம்னா அந்தத் தாளு உன்னுது இல்ல. பள்ளிக்கூடத்துப் பேரு, பரீட்சை நம்பரு, அடையாள அட்டை எல்லாம் அதுலதான் தொங்குது. பரீட்சைக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்கு. உன்னை உக்கார விடமாட்டாங்க."

"தெரியும். பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"அதுக்கு மேல படிக்கணும்னு ஆசையா?"

"நர்ஸுப் பள்ளிக்கூடம். இந்தப் பரீட்சைல மார்க் வாங்கினாத்தான் சேத்துக்குவாங்க."

நான் சற்று யோசித்தேன். "ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பக்கமும் பேசித் தள்ளி வச்சுட்டாங்கன்னு எழுதிட்டுப் போறேன். தாளைப் பத்தி ஒண்ணும் எழுதமாட்டேன். நீ பரீட்சை எழுதிடலாம்."

"அடுத்த வெள்ளிக்கிழமை நைலுக்கு அந்தப் பக்கத்து ஷேக்கைக் கூட்டிட்டு வருவாங்க. அவரு என்னைக் கேப்பாரா? இல்ல, நான் சும்மா இருக்கேன், சம்மதந்தான்னு எழுதிக்குவாரா?"

நான் தலைப்பாகையை இறக்கி மீண்டும் வைத்துக்கொண்டேன்.

"பரீட்சை அடுத்த வருசமும் வரும் ஷேக்கு," என்றாள். "இதுல விரல வச்சா எனக்கு அடுத்த வருசம்னே ஒண்ணு வராது. உள்ளதை எழுதுங்க."

நாங்கள் திரும்பி வந்தபோது, கேட்கப்படாமலே ரதீபா பேசத் தொடங்கியிருந்தாள். யாரையும் பார்க்காமல், தரையிடமே சொன்னாள்.

"நான்தான் குளிப்பாட்டினேன். காய்ச்சல் வந்து மூணாம் நாளு போயிட்டா. முன்னாடி ரெண்டு பல்லு மொளைச்சிருந்துச்சு. அப்ப கரும்பு வெட்டு நேரம். பேரை எடுக்க டவுனுக்குப் போவோம், போவோம்னு இருந்தோம். அப்புறம் இவ வந்துட்டா. தாளுதான் இருக்கே, சும்மா எதுக்கு அலையணும்னு இவரு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

ஹம்தான் பாயில் அமர்ந்துவிட்டான்.

"மாமா," என்றான் முக்தார், "எங்கிட்டப் பதினெட்டுன்னுதான சொன்னீங்க?"

"நான் எங்கப்பா சொன்னேன்? தாளு சொல்லிச்சு."

"பதினாறுன்னா என்னடா இப்ப?" என்று தவ்லத் உள்ளேயிருந்து கத்தினார். "எனக்குப் பதினாலுல ஆச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

முக்தார் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான். "உம்மா, எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

என் பதிவேட்டின் பக்கங்களுக்கு அரசு எண்ணிட்டிருக்கிறது. எழுதத் தொடங்கிய பக்கத்தைக் கிழித்தல் கூடாது. திருமணம் நின்றுபோனால், காரணத்தை எழுதி நீதிமன்றத்திற்கு அறிவித்தல் வேண்டும். ஹம்தான் என் முழங்காலைப் பற்றிக்கொண்டான். "ஷேக்கு, என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

"இழுக்கலாம் ஹம்தான். என்னையும் கேப்பாங்க. இத்தன வருசம் எத்தன தாளை இப்படிப் பாத்துட்டு எழுதினேன்னு."

மணமகள் பதினெட்டு வயது நிறையாதவள் என்றும், காட்டப்பட்ட சான்றிதழ் இறந்துபோன அவளுடைய மூத்த சகோதரியினுடையது என்றும் எழுதினேன். கீழே சாட்சியாகப் பெருவிரலை வைத்தவள் ரதீபா. மை தோய்ந்த விரலை அவள் நெடுநேரம் எடுக்கவில்லை.

தேர்வின் முதல் நாள் காலை, நகரத்துக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் எனக்கும் வேலை இருந்தது. என் வாக்குமூலத்தைக் கேட்டிருந்தார்கள். தாயும் மகளும் எனக்கு முன்னரே வந்து வரிசையில் நின்றிருந்தனர். அது அவர்களுக்கு மூன்றாம் முறை. சன்னலுக்கு வெளியே, மாணவியரை ஏற்றிய வண்டியொன்று தேர்வுக்கூடத்தை நோக்கிச் சென்றது. அதிலிருந்து யாரோ "ஸப்ரீன்!" என்று கூவினார்கள். அவள் கையை உயர்த்தினாள், உடனே தாழ்த்திக்கொண்டாள்.

"பேரு?" என்றான் குமாஸ்தா.

"ஸப்ரீன். ஹம்தான் மக."

அவன் கணினியில் தட்டித் தேடினான். "அப்படி யாரும் இல்லையே."

"ஆமா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

குமாஸ்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பின்பு என் வாக்குமூலத்தையும் மையவாடிக் காவலனின் கடிதத்தையும் புரட்டினான். "எலும்பைப் படம் புடிச்சு டாக்டர் வயசு சொல்லணும். செவ்வாக்கிழமை வா. அப்புறம் கமிட்டி இருக்கு. மாசக்கணக்குல ஆகும், சொல்லிட்டேன்."

ரதீபா பெருமூச்செறிந்தாள். மகள் தாள்களைத் திரும்ப வாங்கி, ஓரம் மடங்காதபடி உறையில் இட்டாள்.

"செவ்வாக்கிழமை எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.