பூவில்லாத வேலி

ரரொதோங்காத் தீவில், வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துப் பரிசு கொடுக்கிற குழு வரும் நாளென்றால் ஊரே துடைப்பமும் கையுமாக நிற்கும். தெபாயேரு மட்டும் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தியாரே பூச்செடி வேலியில் மொட்டுகள் வெள்ளை வெள்ளையாகத் திரண்டிருந்தன. குழு வருவதற்குள் மலர்ந்து தெருவே மணக்கும். இந்த வருஷம் முதல் பரிசு தனக்குத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போன முறை பரிசு வாங்கிய பக்கத்து வீட்டுத் தாமருவா, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, கொஞ்சம் மொட்டு வேணும்."

"ஏன், உன் செடிக்கு என்ன கேடு?"

"பார்க்க அழகா இருக்கட்டும்னு நேத்து மட்டமா வெட்டிட்டேன். மொட்டெல்லாம் கத்தரியோட போச்சு. மத்தியான விமானத்துல துவாயினே வரா."

"அடப் புத்திசாலி! பரிசுக்காகச் செடியை மொட்டையடிச்சுட்டு, மகளை வெறுங்கையோட கூப்பிடப் போறியா?"

"எவ்வளவு வேணா திட்டு அக்கா. மொட்டை மட்டும் குடு."

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பிள்ளையின் கழுத்து வெறுமையாக இருந்தால் பெற்றவர்களுக்கு அதைவிடத் தலைகுனிவு இல்லை. மாலைக்கோ ஒரு பிடி மொட்டு போதாது. தெபாயேரு வேலியை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தாள்.

"கீழ்க்கிளையை நீ பறி. நுனியை ஒடிச்சே, கையை ஒடிச்சிருவேன்."

குழு வந்தபோது வேலியில் ஒரு பூ இல்லை.

"என்னக்கா, பூக்காத வேலியா?" என்றாள் குழுத்தலைவி.

"பூக்கிற வேலிதான். பூ விமான நிலையத்துக்குப் போயிருக்கு."

தலைவி சிரித்தாள். ஆனாலும் பரிசு மறுபடி தாமருவாவின் ஒழுங்கான வேலிக்கே போனது. செய்தி கேட்டதும் தெபாயேருவுக்குச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் துவாயினே ஓடி வந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். "இந்த வாசனை மூக்குல பட்டதும் அங்கேயே அழுதுட்டேன் அத்தை."

தெபாயேரு அவளை இறுக அணைத்துக்கொண்டாள். சுருக்கென்று தைத்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

பின்னாலேயே வந்த தாமருவா கத்தரியை நீட்டினான். "இதை நீயே வச்சுக்க அக்கா. அடுத்த வருஷம் நான் கெஞ்சினாலும் குடுக்காத."

"குடுப்பேன்டா. குழு வந்துட்டுப் போனப்புறம்."

அவன் ஒடிக்காமல் விட்ட நுனிகளில் புது மொட்டுகள் தலைகாட்டின. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு அவை போதும். தெபாயேரு ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.