இருமுகிறவர்களுக்கு அனுமதி இல்லை

தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் இல்லாமல் எவனாவது உள்ளே கால் வைத்தால் போதும், கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார். பெண் குழந்தை பிறந்ததும் வீட்டையும் தொழிற்சாலையாக்கினார். வாசலில் பலகை: "இருமுகிறவர்களுக்கு அனுமதி இல்லை." பக்கத்தில் வாளி, சோப்பு. அவருடைய சொந்த அக்காவே மூன்று தடவை கை கழுவிய பிறகுதான் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். மச்சான் ஒரே ஒரு தும்மல் போட்டான். வாங்கி வந்த பொம்மையோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருக்கும் மூன்று வாரமாக இருமல். ஆனால் அது இருமல் இல்லையாம், ஆலைத் தூசாம். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் கொட்டும், கடைசியில் வாந்தியும் வரும். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மகளை மார்போடு அணைத்துக் கொஞ்சுவார். கையை மட்டும் ஒழுங்காகக் கழுவியிருப்பார், மகராசன்.

மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

"கக்குவான் இருமலுக்கு இப்பவே ஊசி போட்டுக்கங்க. பிறக்கிற குழந்தைக்கும் அது பாதுகாப்பு. சார், நீங்களும் போட்டுக்கங்க."

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதும்மா. எனக்கு மீசையே நரைச்சாச்சு," என்று சிரித்தார். மனைவிக்கும் சேர்த்து அவரே வேண்டாம் என்றார். ஊசியைக் கண்டால் இந்தச் சூரப்புலிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குழந்தைக்கு ஐந்து வாரம். கக்குவானுக்கான முதல் தடுப்பூசிக்கே இன்னும் நாள் இருந்தது. அவள் பெரிதாக இருமக்கூட இல்லை. பால் குடித்துக்கொண்டிருந்தவள் மூச்சை நிறுத்திவிட்டாள். உதடு நீலமானது. மனைவி அலறிக்கொண்டே தூக்கி ஓடினாள். அவர் செருப்புக்கூட இல்லாமல் பின்னால் ஓடினார். உண்மையிலேயே பதறிப்போனார், பாவம்.

மருத்துவமனையில் குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் போட்டார்கள்.

"வீட்டுல யாருக்கு இருமல்?" என்றார் டாக்டர்.

"யாருக்கும் இல்ல டாக்டர். மச்சான் ஒரு நாள் தும்மினான், அன்னைக்கே விரட்டிட்டேன். நம்மகிட்ட எல்லாம் பக்கா..."

அதற்குமேல் பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார், குனிந்து இருமினார், முகம் சிவக்க இருமினார். கடைசியில் கூவென்று மூச்சை இழுத்தார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "உங்களுக்கும் மருந்து தர்றேன். அஞ்சு நாளைக்குக் குழந்தை பக்கமே வராதீங்க."

"குழந்தை பிழைச்சிடுவாளா டாக்டர்?"

"பார்க்கிறோம். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கத்தவில்லை.

"ஊசி எனக்குத்தானே போட்டிருப்பாங்க," என்றாள். "உங்களுக்கென்ன வலிச்சிருக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.