தொட்டிலுக்கடியில் ஒரு தலை

தொட்டில் தொங்கிய உத்திரத்துக்கு நேர் கீழே மண்தரை அமுங்கிக் கிடந்தது. சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்த தெய்வானையின் விரல் பொசுக்கென்று உள்ளே இறங்கியது. கிளறினாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வந்தது. அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு வெள்ளிக்காசு. அதில் கழுத்தோடு அறுத்தெடுத்த மாதிரி ஒரு தலை. தலைக்கவசத்தில் இறக்கை. பிடரிக்குப் பின்னால், யாரையோ அடித்துக் கழித்தது போல ஒரு பெருக்கல் குறி.

ரோமாபுரிக்காரன் தன் ஊர்த் தெய்வத்தின் முகத்தைப் பொறித்து, மிளகுக்கோ முத்துக்கோ விலையாகக் கொடுத்துவிட்டுப் போன காசு அது. கீரனூர்ப் பக்கத்தில் செய்வினைத் தகடு என்று பெயர் வாங்க வேண்டுமென்று அந்தத் தெய்வத்துக்குத் தலையெழுத்து. தெய்வானையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவது ஆண்டியப்பன் இப்போதுதான் தவழ்கிறான். நாலைந்து நாளாக உடம்பு கொதிக்கிறது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த மருந்தும் கேட்கவில்லை.

யார் வைத்தது? யோசிக்கவே வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி மீனம்மாள் இருந்தாள். மன்னர் ஆட்சியில் கல்யாணமாகி, ஆட்சியே மாறிய பிறகும் பிள்ளை இல்லாதவள். ஆண்டியப்பனைத் தூக்குகிற சாக்கில் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவள் அவள் ஒருத்திதான். முந்தாநாள்கூடக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாளே! அவள் ஊட்டிய வாழைப்பழம், தடவிய விளக்கெண்ணெய் எல்லாம் இப்போது விஷமாகத் தெரிந்தன.

புருஷனிடம் தெய்வானை மூச்சுவிடவில்லை. அண்ணன் பெண்டாட்டி என்று பூசி மெழுகிவிடுவான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, அய்யனார் கோயில் வரைக்கும் வாங்க."

மண்குதிரைக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, பக்கத்தில் காசை வைத்தாள்.

"இது ஒங்க வேலை இல்லைன்னா, சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

மீனம்மாள் கையை நீட்டவில்லை.

"எப்படி அணைப்பேன்? நாந்தானே வச்சேன்."

தெய்வானை பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை.

"பின்பக்கம் பாத்தியா?" என்றாள் மீனம்மாள்.

பார்க்கவில்லை. புரட்டினாள். இரண்டு குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன. மேலே ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு நட்சத்திரம்.

"அய்யனாரும் கருப்பரும் சோடியாக் காவலுக்குப் போறாக. எங்க வீட்டுக்காரவுக ஏர் ஓட்டுறப்பக் கெடைச்சது. எத்தனையோ வருசம் என் தலகாணிக்கடியில வச்சிருந்தேன், எனக்கு ஒண்ணும் நடக்கல. ஒனக்கு ரெண்டு போனப்புறம், இவனாச்சும் நெலைக்கட்டும்னு நீ கதிரறுக்கப் போன அன்னைக்குப் பொதைச்சேன்."

ரோமாபுரிக் கதையில் அந்த இருவரும் இரட்டைப் பிறவிகள். கடலில் தத்தளிக்கிறவர்களைக் காப்பாற்றுகிறவர்கள். மீனம்மாள் பெயரைத்தான் மாற்றியிருந்தாள், வேலையை மாற்றவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"சொன்னா, மலடி குடுத்ததுன்னு தூக்கிப் போட்டிருப்ப."

போட்டிருப்பாள். அது தெய்வானைக்கே தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளையை மீனம்மாள் கையில் கொடுத்தாள். பழகிய இடுப்பு. காய்ச்சலோடும் சிரித்தான். மீனம்மாள் அவனை உச்சி மோந்தாள்.

ஆண்டியப்பன் தும்மினான். சின்னத் தும்மல்தான்.

தெய்வானையின் கண் எதையோ தேடி மீனம்மாளின் விரல்களுக்குத் தாவியது. உடனே திருப்பிக்கொண்டாள். அதற்குள் மீனம்மாள் பார்த்துவிட்டாள்.

"இந்தா, ஒம்மகனைப் பிடி."

காசை அவள் தொடவில்லை. சூடம் எரிந்துகொண்டிருக்க, ஊரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். ஆண்டியப்பன் அவள் போன பக்கம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அழுதான்.