லயத்து அறையில் சுபாஜினி

கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிற நிமலன் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, பிள்ளைகளை மியூசியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லிவிட்டான். கூட வேலை செய்கிறவன் தன் பிள்ளைகளை மியூசியத்தில் நிற்கவைத்து எடுத்த படங்களைக் கடையிலுள்ள எல்லோருக்கும் காட்டினானாம். அது அவன் மனதில் கிடந்திருக்கிறது.

அவன் மனைவி சுபாஜினி தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கோயிலுக்குப் போனால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கடைக்குப் போனாலும் தெரியும். மியூசியத்துக்குப் போனால் என்ன செய்வது? திருவிழாவுக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டாள். லன்ச் ஷீட்டில் சோறு கட்டிக்கொண்டாள்.

காலையில் பதுளை மியூசியத்தில் வாள்களும் பழைய காசுகளும் உடைந்த பானைகளும் இருந்தன. இரண்டாம் வகுப்புப் படிக்கிற சிவானுஜா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாலு வயது துவாரகன், "இதெல்லாம் எப்பம்மா ஆடும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஆடாது என்று சொன்னபோது, "அப்ப எதுக்கு வந்தோம்?" என்றான். சுபாஜினி அவன் கையைப் பிடித்து அடுத்த பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னொண்ணு இருக்கு. அது இவனுக்குப் புடிக்கும்," என்றான் நிமலன். எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசை வரிசையான அறைகளில் குடியிருந்த பழைய லயம் ஒன்றை மியூசியமாக்கியிருக்கிறார்களாம். திறந்திருக்குமா என்று முதல் நாளே போன் போட்டு விசாரித்து, குடும்பத்தோடு வருவதாகவும் சொல்லி வைத்திருந்தான்.

"லயத்தையா? அதுல என்னாங்க பாக்குறது?"

"வந்து பாரேன்."

எல்ல பஸ் அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கைக் கடந்தே போனது. ஜன்னலோரம் இருந்த துவாரகன், "வீடு! வீடு!" என்று எழுந்து நின்றான். இறங்காமல் போவது ஏன் என்று அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

அந்த லயம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. வாசலில் பூச்சட்டிகள். சிவானுஜாவுக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டதால் நிமலன் அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். அந்த நேரத்தில் துவாரகன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினான். ஓரத்து அறையின் வாசலில் செருப்பைக் கழற்றி, குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டான். சுபாஜினி கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனாள். வாசலை அடைந்தபோது தன் செருப்பையும் கழற்றினாள். ஏன் கழற்றினோம் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தாள். கால் தானாகக் கழற்றியிருந்தது.

உள்ளே ஒரு மண் அடுப்பு. கரி பிடித்த கேத்தல். கொடியில் ஒரு கம்பளி. பொடியன் மரக் கட்டிலில் ஏறிப் படுத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தான்.

"எறங்குடா, யாராச்சும் ஏசப் போறாங்க."

"இது நம்ம வீடு மாதிரிதானம்மா இருக்கு?"

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் டீவியும் கேஸ் அடுப்பும் உண்டு. மற்றபடி அதே அளவு, அதே தகரக் கூரை, கதவுக்கு மேலே அதே சின்னச் சந்து.

அப்போது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு இளைஞன் மூச்சிரைக்க வந்தான். ஷுக்ரி என்று அட்டையில் எழுதியிருந்தது.

"அக்கா, இன்னைக்கி வாரேன்னு சொன்னது நீங்கதானே?"

நிமலன் போன் போட்டதைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "ஆமாங்க," என்றாள்.

"நல்ல வேளை. பிள்ளையையும் கூட்டி வந்தீங்களா? அதுவும் நல்லதுதான். கட்டிலிலேயே இருக்கட்டும்." சுவரில் தொங்கிய பிரம்புக் கூடையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "இதை மாட்டிக்கங்க. ஆக்கள் வந்துட்டாங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் கூடை மாட்டிப் படம் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சுபாஜினி. அவள் பிரம்புக் கூடையில் கொழுந்து எடுத்தவள் இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து சாக்குப் பைதான். நெற்றிக் கயிறு நழுவி மூக்கின்மேல் விழுந்தது. ஷுக்ரியே அதைச் சரிப்படுத்தினான்.

வாசலில் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்ற நரைத்த தலைப் பெண் கைகூப்பி, "வனக்கம்," என்றாள். சுபாஜினியும் கும்பிட்டாள். போன்கள் உயர்ந்தன. துவாரகன் கட்டிலிலிருந்தே கையாட்டினான். அவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெண் ஏதோ கேட்டாள். ஷுக்ரி திருப்பிச் சொன்னான்: "இப்படி ஒரு அறையில எத்தனை பேர் இருந்தாங்கன்னு கேக்குறாங்க."

"அஞ்சு பேர் இருக்கோம். மாமியாரோட."

ஷுக்ரி ஒரு கணம் தயங்கிவிட்டு இங்கிலீஷில் சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

"மழைக் காலத்துல எப்படிச் சமாளிச்சாங்களாம்?"

"அடுப்படிப் பக்கம் ஒழுகும். சட்டி வைப்போம். பெரிய மழைன்னா புள்ளைகளத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். போன மாசமும் போனோம்."

"போன மாசமா?" ஷுக்ரி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, பழைய காலத்தைத்தான் கேக்குறாங்க."

"பழைய காலம் எனக்கு எப்புடிங்க தெரியும்?"

அவன் எதையோ மொழிபெயர்த்தான். என்ன சொன்னான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்து அவளையே பார்த்தாள். நல்லவிதமாகப் பார்க்கிறாளா, பாவம் என்று பார்க்கிறாளா? எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுபாஜினி சிரித்துவைத்தாள். கூடையைக் கழற்றலாமா, இன்னும் கேட்பார்களா? நிமலன் எங்கே போய்த் தொலைந்தான்?

நிமலன் வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவன் கையைப் பிடித்திருந்த சிவானுஜா, "அது எங்க அம்மா!" என்று சத்தமாகச் சொன்னாள். அவர்கள் திரும்பிப் பார்த்து, வழிவிட்டு, அவளையும் உள்ளே போகச் சொன்னார்கள். அவளையும் சேர்த்து இன்னும் படங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கையில் பையோடு ஒரு பெண் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். "தம்பி, பஸ்ஸு பழுதாப் போச்சு," என்றவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இது யாரு?"

ஷுக்ரியின் முகம் வெளுத்துவிட்டது. அவன் அந்தப் பெண்ணையும் சுபாஜினியையும் மாறி மாறிப் பார்த்தான். வெள்ளைக்காரர்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, நீங்க... பாக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க. எங்க வீட்டுக்காரரு போன் போட்டாரே."

"யா அல்லாஹ்!" அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க. கூடை மாட்டிக்கிட்டு ஆக்களுக்குப் பழைய கதை சொல்ல வர்ற பூவம்மா அக்கான்னு நெனச்சுட்டேன். நான் போன கிழமைதான் வேலைக்கு வந்தேன்."

நிமலன் கோபப்படுவதா சிரிப்பதா என்று தீர்மானிக்க முடியாமல், "சரி, சரி," என்று மட்டும் சொன்னான்.

பூவம்மா சுபாஜினியின் தலையிலிருந்து கூடையை இறக்கிவிட்டாள். "கயித்தத் துணி வச்சுக் கட்டணும்மா. இல்லாட்டி நெத்தி செவந்துரும்." பையிலிருந்து பழைய சேலை ஒன்றை எடுத்து உதறினாள்.

"நீங்க எந்த லயத்துலக்கா இருக்கீங்க?"

"இப்ப லயத்துல இல்ல. அரசாங்கம் குடுத்த வீடு. முந்தி மீரியபெத்தையில இருந்தோம்."

மண் சரிந்து அந்த லயங்கள் புதைந்ததைக் கேள்விப்படாதவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் வீடும் ஒழுகும், சட்டி வைப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே இடத்தில் நின்று இதைக் கேட்க சுபாஜினிக்கு என்னவோ போலிருந்தது. யாரையாவது இழந்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இங்க வந்து உக்காந்திருக்க ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?"

பூவம்மா சேலை மடிப்பை விரலில் எடுத்தபடி யோசித்தாள். "எனக்கே தெரியலம்மா. சில நாளைக்கி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். சில நாளைக்கி மழ இருட்டுனா ஓடிரலாம்னு இருக்கும். அவங்க படம் எடுக்கயில எதையும் நெனைக்கிறதில்ல."

கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த துவாரகனை நிமலன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பூவம்மா அவன் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள். அந்த அவசரத்தில் சுபாஜினி போய்வருகிறேன் என்று சொல்ல மறந்துவிட்டாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போகலாமா என்று நின்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

சீட் கிடைத்தது. சிவானுஜா ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். துவாரகன் அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போனான்.

"நீ ஏன் ஆமான்னு சொன்ன?" என்றான் நிமலன்.

"வாரேன்னு சொன்னது நாமதானேங்க?"

 அவன் போனை எடுத்து அவளிடம் நீட்டினான். வெள்ளைக்காரர்களின் தோள்களுக்கு நடுவே அவள் கூடையோடு நிற்கிற படம்.

"நீங்களும் எடுத்தீங்களா?"

"எல்லாரும் எடுத்தாங்க. நானும் எடுத்தேன்." அவன் மடியில் தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவினான். "அப்புறந்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருக்க நீ. ஒன் அம்மாவுக்கு அனுப்பவா?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சேலை நன்றாகத்தான் இருந்தது. முகம் சிரிக்கிறதா, அழப் போகிறதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"வேணாங்க, அனுப்பாதீங்க."

இரண்டு வளைவு தாண்டியதும், "சரி, அனுப்புங்க," என்றாள்.

"கீழ என்னன்னு எழுத?"

சுபாஜினி யோசித்தாள். மியூசியம் பார்த்தோம் என்றா? மியூசியத்தில் இருந்தோம் என்றா? சொல்ல வாய் எடுப்பதற்குள் துவாரகன் விழித்து, ஒண்ணுக்கு வருகிறது என்று சிணுங்கத் தொடங்கினான். இரண்டு பேரும் பைகளைப் பொறுக்கிக்கொண்டு அவசரமாக எழுந்து, மணியை அடித்தார்கள்.